ஆறு மெடல்கள்

காலை பத்து இருபது. காரைக்காலில் ஓர் ஆய்வு நூலகம். முதலில் கண்ணில் படுவது, மேசை மேல் ஒரு புகைப்படத்தை அழுத்திக்கொண்டிருக்கும் விரல். விரலுக்குரியவர் கோட்டுச்சேரி அஞ்சலை. பிரெஞ்சுப் படையில் இருந்த கணவர் கோவிந்தசாமி இறந்துவிட்டார். விதவை பென்ஷனுக்கு அவர் சிப்பாயாக இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும்.

நூலகத்திலுள்ள பழைய கண்ணாடி நெகட்டிவிலிருந்து நேற்று ஸ்டுடியோவில் போட்ட பிரிண்ட் இது. ஆறு சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். நெகட்டிவின் உறையில் ‘இடமிருந்து இரண்டாவது கோவிந்தசாமி’ என்று எழுதியிருக்கிறது. அஞ்சலையின் விரல் இருப்பதோ ஐந்தாவது ஆள் மேல்.

“உறையில உள்ளபடிதான் நான் எழுதித் தர முடியும்மா,” என்கிறார் நூலகர்.

“ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாளுக்கு அவருக்கு மெடல் குத்திவிடுறது நான்தாங்க. இடப்பக்கம். இதுல ஆறு பேருக்கும் வலப்பக்கம் தொங்குது. ஆறு பொண்டாட்டியுமா தப்பாக் குத்துவோம்?”

நூலகர் நெகட்டிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார். ஒரு முறை திருப்பிப் பிடிக்கிறார்.

“ஸ்டுடியோவுல நெகட்டிவைத் திருப்பி வச்சுப் பிரிண்ட் போட்டுட்டாங்கம்மா, இடம் வலமா மாறிடுச்சு. நீங்க காட்டுறவருதான்.”

அஞ்சலை இப்போதுதான் நாற்காலியில் உட்காருகிறார். நூலகர் சான்றிதழில் எழுதுகிறார்: இடமிருந்து இரண்டாவது, கோவிந்தசாமி.