இரண்டு பேர் பூட்டிய பெட்டி

வட்டுக்கோட்டைச் சோமசேகரத்தாரிடம் ஒரு பொருளைக் கொடுத்துவைத்தால் அது மலையில் வைத்த மாதிரி என்று ஊரில் சொல்வார்கள். அவரிடமிருந்து அதைத் திருப்பி வாங்குவதும் மலையைப் புரட்டுகிற வேலைதான் என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கவும் செய்வார்கள். இரண்டும் உண்மை. கூட்டுறவுக் கிராமிய வங்கி ஒன்றில் முப்பத்தொரு வருடம் அடகுப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அங்கே நகை வைக்கிற இரும்புப் பெட்டிக்கு இரண்டு திறப்பு, இரண்டு சாவி. ஒன்று இவரிடம், மற்றது மனேச்சர் முத்துக்குமாருவிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. ஒருவரின் திறப்பை மற்றவர் தொட்டுப் பார்க்கவும் கூடாது. ஒரு நல்ல மனிதனைவிட இரண்டு சாதாரண மனிதர்கள் மேல் என்பது அவருடைய சித்தாந்தம். கேட்பவர் கொட்டாவி விட்டாலும் அதைச் சொல்லி முடிக்காமல் விடமாட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் அதற்கு ஏற்ற மாதிரித்தான் நடந்தார். தொண்ணூற்றைந்தில், போர் துரத்திய இடப்பெயர்வில், வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, கொட்டுகிற மழைக்குள் முத்துக்குமாருவைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, இரண்டு திறப்பையும் போட்டுப் பெட்டியைத் திறந்தார். நகைப் பொட்டலங்களை மாச்சாக்கில் கட்டிச் சைக்கிளில் வைத்து, கொடிகாமம் வரைக்கும் உருட்டினார். ஆறு மாதம் அந்தச் சாக்குத்தான் அவருக்குத் தலையணை. ஐந்து வயது மகன் மயூரதனுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோதும் சாக்கை விட்டுவிட்டு அசைய அவரால் முடியவில்லை. மனைவி செல்வநாயகிதான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்கு நடந்தார். ஊர் திரும்பியபோது ஒரு மூக்குத்திகூடக் குறையவில்லை. கூட்டம் வைத்து அவருக்கு மாலை போட்டார்கள். செல்வநாயகிக்கும் ஒன்று போடலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அதை விடுங்கள்.

அந்த மயூரதன் இருபது வயதில் நோர்வேக்குப் போனவன். அகதிப் பத்திரத்தில் இருக்கிறவன் இலங்கைக்குள் கால் வைக்க முடியாது. அவனுக்குப் பேசி முடித்த உதயகலா தொண்டைமானாற்றுப் பிள்ளை, ஆசிரியை. அவளுக்கு நோர்வே விசா கலியாணம் எழுதிப் பதிந்து முடிந்தால்தான் வரும். ஆகையால் இரண்டு பகுதிக்கும் பொதுவாகக் கோலாலம்பூரில், அங்குள்ள முருகன் கோயிலில் கலியாணம் என்று முடிவாயிற்று. பதினாலு வருடத்துக்குப் பிறகு தாயும் தகப்பனும் பிள்ளையைக் காணப்போகிறார்கள். ஆனால் சோமசேகரத்தாருக்கு அதைவிடப் பெரிய யோசனை ஒன்று வந்து ஏறிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் செய்ய வேண்டிய தாலிக்கொடி, பதினொரு பவுண். அதை அந்நிய நாட்டு ஹோட்டலில் நாலு நாள் எப்படிக் காப்பது?

மற்ற நகையென்றால் பெண்கள் போட்டுக்கொண்டு போய்விடலாம். கட்டாத கொடியை எவள் கழுத்தில் போடுவாள்? ஆகவே ஊரில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். பாவாடைக் கரைக்குள் வைத்துத் தைக்கச் சொன்னார் ஒருவர். மிளகாய்த்தூள் போத்தலுக்குள் புதைக்கச் சொன்னார் இன்னொருவர். பொன்னுருக்கி, ஐயர் மந்திரம் சொல்லிக் கொடுத்த பொன்னை மிளகாய்த்தூளுக்குள் வைக்கிறதோ என்று செல்வநாயகி ஏச, அந்த யோசனை அத்தோடு செத்தது. கடைசியில் சோமசேகரத்தார் கொடிப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டே விமானம் ஏறினார். நாலு மணித்தியாலமும் கழிப்பறைக்குக்கூட மனைவியைக் காவல் வைத்துத்தான் போய் வந்தார்.

ஹோட்டல் அறையில் அலுமாரிக்குள் சின்னதாக ஒரு சேஃப் இருந்தது. நாலு இலக்கம் அடித்தால் பூட்டும், அதே நாலை அடித்தால் திறக்கும். திறப்பே இல்லை. சோமசேகரத்தார் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், சுவரோடு பொருத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

“இஞ்சேரும், முன் ரெண்டு இலக்கத்தையும் நான் அடிக்கிறன். பின் ரெண்டையும் நீர் அடியும். நீர் அடிக்கேக்கை நான் அங்காலை பாப்பன். உம்மடையை நான் கேக்கமாட்டன், என்ரையை நீர் கேக்கக்கூடாது.”

“கட்டின பெண்சாதியும் களவெடுப்பாள் எண்டோ?”

“நீர் எடுக்கமாட்டீர். ஆனால் ஒழுங்கு ஒழுங்குதான்.”

செல்வநாயகி வாதாடவில்லை. நாற்பது வருடத்தில் எந்த இடத்தில் வாதாட வேண்டும், எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கணவர் முன்னே அடிக்க இவர் ஜன்னலைப் பார்த்தார், இவர் பின்னே அடிக்க அவர் சுவரைப் பார்த்தார். கொடிப் பெட்டியும் பாஸ்போட்டுகளும் உள்ளே போயின.

பூட்டியும் மனிதருக்கு நிம்மதியில்லை. மூன்று நாளும் அறையை விட்டு அசையவில்லை. துப்புரவாக்க வந்த இந்தோனேசியப் பெண்ணை உள்ளே விடவில்லை. துவாயையும் சவர்க்காரத்தையும் வாசலில் நின்றே வாங்கிக் கதவைச் சாத்தினார். அதே மாடியில் நாலு அறை தள்ளி மயூரதன் இருந்தான். முதல் நாள் இரட்டைக் கோபுரம் பார்க்கக் கூப்பிட்டான். அடுத்த நாள் குகைக்கோயிலுக்குக் கூப்பிட்டான். மூன்றாம் நாள், கீழே போய் ஒரு தேத்தண்ணியாவது குடிப்பமே அப்பா என்றான். கலியாணம் முடியட்டும் தம்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ என்று மூன்று நாளும் ஒரே பதில். கலியாணத்துக்கு மறுநாள் அவனுக்குத் திரும்ப விமானம் என்பது தகப்பனுக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் சொன்னார்.

கலியாண நாள். முகூர்த்தம் எட்டு ஐம்பதுக்கு. தட்டங்களோடு பெண்கள் முதலில் போவது, எட்டு மணிக்கு மாப்பிள்ளையும் தகப்பனும் காரில் புறப்படுவது என்று ஏற்பாடு. சோமசேகரத்தார் குளித்துக்கொண்டிருக்கும்போதே, ஆறு மணிக்கு, செல்வநாயகி மற்றப் பெண்களோடு வேனில் போய்விட்டார். ஏழே முக்காலுக்குச் சோமசேகரத்தார் வேட்டி சால்வையோடு சேஃபின் முன்னால் வந்து நின்றார், தன் இரண்டு இலக்கத்தையும் அடித்தார், அடித்த கை அப்படியே நின்றது.

மற்ற இரண்டும் கோயிலில் அல்லவா நிற்கின்றன!

போன் எடுத்தார். செல்வநாயகியின் போன் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மேளச் சத்தத்துக்குள் கைப்பைக்குள் கிடக்கிற போன் யாருக்குக் கேட்கும்? மயூரதன் பிறந்த திகதியை அடித்துப் பார்த்தார். தாங்கள் கலியாணம் முடித்த வருடத்தை அடித்துப் பார்த்தார், செல்வநாயகியின் பிறந்த திகதியையும் அடித்துப் பார்த்தார். மூன்றாவது முறையோடு சேஃப் ஒரு சத்தம் போட்டுவிட்டு இனி என்னைத் தொடாதே என்று இறுகிக்கொண்டது. இவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்தும் அவளுக்குப் பிடித்த இரண்டு இலக்கம் எனக்குத் தெரியாதே என்று அவருக்கு அழுகை வரப் பார்த்தது.

லிஃப்றுக்குக் காத்திராமல் ஆறு மாடியும் இறங்கி வரவேற்பு மேசைக்கு ஓடினார். அங்கே நின்ற பொறுப்பதிகாரி ஒரு மலாய்ப் பெண். அவள் பதறவில்லை. திறக்கலாம், ஆனால் தானும் காவல் அதிகாரியும் சேர்ந்துதான் திறக்க வேண்டும், ஒருவர் தனியாகத் திறக்க ஹோட்டலில் அனுமதி இல்லை, பாஸ்போட்டையும் பார்க்க வேண்டும் என்றாள். பாஸ்போட் சேஃபுக்குள் இருக்கிறது என்றார் இவர். அப்படியானால் பதிவின்போது எடுத்த பிரதியைத் தேடுகிறேன் என்று அவள் கணினியில் குனிந்தாள். முகூர்த்தம் தவறிவிடும் என்று சோமசேகரத்தார் கெஞ்சினார். ஆனால் அவள் கேட்டமாத்திரத்தில் திறந்துவிட்டிருந்தால் நாளைக்கு அவளைப் பற்றி முறைப்பாடு எழுதுகிற முதல் ஆள் அவராகத்தான் இருந்திருப்பார். அதுவும் அவருக்குத் தெரியும்.

இரண்டு பேரும் வந்து ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கதவு திறந்தது.

உள்ளே இரண்டு பாஸ்போட்டும் அவருடைய மருந்துச் சிட்டையும் கிடந்தன. கொடிப் பெட்டி இல்லை.

கையை விட்டுத் துழாவினார். துழாவுவதற்கு அந்தப் பெட்டிக்குள் இடமே இல்லை, இருந்தும் துழாவினார். கட்டிலில் இருந்துவிட்டார். என்ன இருந்தது என்று அதிகாரி கேட்க, தாலி என்ற சொல்லுக்கு இங்கிலீசு வராமல் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் உடனே போனில் கதைத்து, அந்த மாடியைத் துப்புரவாக்குகிற பெண்ணை வரச்சொன்னாள். அந்தப் பெண் வந்து வாசலில் நின்றாள். நான் இந்த அறைக்குள் ஒருநாளும் வரவில்லை, இந்த ஐயாவே சொல்லட்டும் என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். சோமசேகரத்தார் வாய் திறக்கவில்லை. அவள் சொல்வது உண்மை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அந்த நேரத்தில் அவருக்கு ஒரு கள்ளன் தேவைப்பட்டது. வெட்கக்கேடுதான், ஆனால் நடந்தது அதுதான்.

நேரம் எட்டு ஐந்து. பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். நாலு அறை தூரத்தை அவர் நடந்த மாதிரி, மழைக்குள் கொடிகாமத்துக்குக்கூட நடக்கவில்லை. மயூரதன் பட்டு வேட்டியோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றான். தலைப்பாகை இன்னும் கட்டில்மேல் இருந்தது.

“தம்பி, கொடியைக் காணேல்லை.”

காணவில்லை என்ற சொல்லை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. மகன் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அது அம்மாட்டையெல்லே இருக்கு அப்பா. காலமைப் பூசைக்கு முருகன்ரை காலடியிலை வைக்கோணும் எண்டு ஐயர் கேட்டவராம். வைச்சாச்சாம். இப்பதான் கோயிலிலை நிக்கிற என்ரை தோழன்ரை போனிலை எடுத்துச் சொன்னவ.”

சோமசேகரத்தார் கதவைப் பிடித்துக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போ அழுகையோ என்று மகனுக்கே விளங்கவில்லை. சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு, முருகா, முருகா என்று குலுங்கினார். முப்பத்தொரு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த இரும்புப் பெட்டியை யாரோ தூக்கி வெளியே வைத்த மாதிரி இருந்தது.

மூச்சு வந்ததும் அவருக்கு அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. எழும்பி ஓடினார். அவள் இன்னும் அதே வாசலில்தான் நின்றாள். ஒன்றும் களவு போகவில்லை, என் மனைவியிடம் இருக்கிறது, பிழை என்னுடையது, இந்தப் பிள்ளை என் அறைக்குள் ஒருநாளும் வரவில்லை என்று அதிகாரிக்கும் காவலாளிக்கும் முன்னால் இங்கிலீசில் ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கை கூப்பினார். அவள் தன் தள்ளுவண்டியில் சாய்ந்து ஒரு நீண்ட மூச்சு விட்டாள். நல்ல காலம், சிரித்தாள்.

திரும்பி வந்தபோது மயூரதன் போனை நீட்டினான். மறுமுனையில் மேளச் சத்தத்துக்கு மேலால் செல்வநாயகி.

“என்ரை ரெண்டு இலக்கம் உமக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் சோமசேகரத்தார் முதற்கேள்வியாக. வங்கிப் புத்தி எங்கே போகும்!

“சூட்கேசுக்கும் உதுதான், பாங்க் கார்ட்டுக்கும் உதுதான், கேற்றுப் பூட்டுக்கும் உதுதான். வட்டுக்கோட்டையிலை நாய்க்கும் தெரியும்.”

“அப்ப ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

செல்வநாயகி மேளத்துக்கு எட்ட விலகி வந்து நின்றார்.

“சொன்னால் நீங்கள் கொடிக்குப் பின்னாலை கோயிலுக்கு வந்திடுவியள். பிள்ளை தனியத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வருவான். நான் நிக்கிறன் கொடிக்கு. நீங்கள் அவனோடை வாங்கோ.”

அவர் ஓம் என்று தலையாட்டினார்.

தலைப்பாகையை மகனின் தலையில் வைத்துச் சரிபார்த்தது அவர்தான். அவன் தன்னைவிட ஒரு சாண் உயரம் என்பதை அப்போதுதான் கண்டார். தன் அறைக்குப் போய்ப் பாஸ்போட்டுகளை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டு, சேஃபை வாய் திறந்தபடியே விட்டுவிட்டுப் புறப்பட்டார்.

காரில் இருவரும் பின்னால் இருந்தார்கள். இடுப்பில் கொடி இல்லை, நெஞ்சில் பயமும் இல்லை. வெளியே நல்ல வெயில். மனிதருக்குப் பசிக்கக்கூடச் செய்தது. மகனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். பட்டுச் சட்டையின் கை விலக, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கி வெளுத்திருந்தது.

“இதென்னடா தம்பி? எப்ப பட்டது?”

“எண்ணெய் ஊத்துப்பட்டது அப்பா. ரெஸ்ரோறன்ரிலை. அது பதினொரு வருசமாச்சு.”

“எனக்குச் சொல்லேல்லையே.”

“அம்மாவுக்குத் தெரியும்.”

சோமசேகரத்தார் அந்தக் கையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

“கோயிலுக்கு இன்னும் எவ்வளவு நேரம்?”

“இருவது நிமிசம் ஆகும்.”

“அப்ப சொல்லு,” என்றார். “முதலிலையிருந்து சொல்லு.”