எழுந்து நின்ற சபை

மசோதாக்காவுக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன்னால், பெரிய துணிக்கடையில் சட்டைத்துணிப் பிரிவில் நிற்கிறவள் என்றுதான் பெயர். நிற்கிறவள் என்றால் நிற்கிறவளேதான். அந்தக் கடையில் விற்கிற பெண்களுக்கு முக்காலி கிடையாது. அலமாரியில் சாய்ந்தால் அபராதம். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்த ஒருத்திக்கு அன்றைக்கே வேலை போயிற்று. உட்கார ஒரே இடம் கழிவறை. அதையும் மோப்பம் பிடித்த முதலாளி, கதவின் தாழ்ப்பாளைக் கழற்றித் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

நின்று நின்று அவள் கெண்டைக்காலில் நரம்புகள் கயிறு கயிறாய்ப் புடைத்துக்கொண்டன. ஒருநாள் கடைக்கு வந்த குழந்தையொன்று, "அம்மா, இந்த ஆன்ட்டி கால்ல பாம்பு!" என்று அலறியது. கூட்டம் விழுந்தடித்து ஓடியதில் வாசல் பொம்மைகள் இரண்டுக்குக் கை போயிற்று. ஓடினவர்களில் ஒருவர் ஊர் எல்லை தாண்டித்தான் நின்றார் என்பார்கள். வாடிக்கையாளர்களைப் பயமுறுத்திய குற்றத்துக்காக அவளை வீட்டுக்கு அனுப்பினார் முதலாளி. கால் ஆறுமா என்று அவர் கேட்கவில்லை. பொம்மைக் கையை ஒட்டமுடியுமா என்றுதான் கேட்டார்.

கடைப் பெண்கள் சங்கம் அவளைச் சேர்த்துக்கொண்டது. டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. ரப்பர் நாற்றம் இலவசம். உழைக்கிறவர்களுக்கு நல்லது செய்யும் மசோதா ஏதாவது சட்டசபைக்கு வந்தால், அது எங்கே நிற்கிறது, யார் மடியில் தூங்குகிறது என்று விடாமல் பின்தொடர்வது வேலை. "உக்காந்தே பாக்கற வேலைதான்" என்றார்கள். சம்பளம் என்ன என்றுகூடக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

சுவரில் ஒரு கொடிக்கயிறு கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பால் மசோதாவுக்கு ஒன்றாக அட்டைகள் தொங்கவிட்டாள். இடது கோடி அறிமுகம், நடுவில் ஆய்வுக்குழு, அப்புறம் விவாதம், வலது கோடி வாக்கெடுப்பு. வலது கோடி கிளிப்புக்குத் துருப்பிடித்ததுதான் மிச்சம். இரவுப் பேருந்து மசோதா குழுவிலேயே மூச்சை விட்டது. கடைதோறும் நல்ல கழிவறை வேண்டும் என்ற மசோதா நிறைவேறத்தான் செய்தது, 'இயன்ற இடங்களில்' என்ற சொற்களை வாலில் கட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் இயலவில்லை.

ஆய்வுக்குழு மூடிய கதவுக்குள் கூடும். மசோதாக்கா கதவைத் தட்டவில்லை, கேன்டீன்காரியைப் பிடித்தாள். "இன்னிக்கு டீயே போகலக்கா" என்றால் குழு கூடவில்லை. "டீயும் பிஸ்கட்டும்" என்றால் பேச்சு நடக்கிறது. "முந்திரி போச்சுக்கா" என்றால் முதலாளிமார் ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள். அன்றைக்கு மசோதாவில் ஒரு சாண் குறையும்.

அத்தனை அட்டையிலும் ஒரே ஒரு அட்டையில்தான் அவள் உயிர் தொங்கியது: கடையில் நிற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தரச் சொல்லும் மசோதா. காரணம் அவள் தங்கை. அதே கடையில், அக்கா நின்ற அதே இடத்தில் நிற்கிறாள். வயிற்றில் ஏழு மாதம். இதற்கு முந்தையது, நின்றுகொண்டிருக்கும்போதே கலைந்து போனது. இதாவது தங்கவேண்டுமானால் காலுக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. தங்கை முதலாளியிடம் ஒரு முக்காலி கேட்டாள்.

"சட்டம் வரட்டும்மா," என்றார் அவர், கடை முழுக்கக் கேட்கும்படி. "முக்காலி என்ன, சிம்மாசனமே போடறேன்."

மசோதாவைக் கொண்டுவந்தவர் ஒரு வயதான உறுப்பினர். அவர் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் கடையில் நின்றவர். பேரன் எடுத்த பிறகும், யார் வீட்டுக்குப் போனாலும் "உக்காரலாமா?" என்று கேட்காமல் உட்காரமாட்டார். அந்தக் கேள்வி கேட்டுக் கேட்டு நொந்த கணவர் மனசிலிருந்து வந்த மசோதா அது.

நத்தை வேகம் என்றால் நத்தை மானநஷ்ட வழக்குப் போடும். அப்படி ஊர்ந்தது மசோதா. ஆனாலும் ஊர்ந்து ஊர்ந்து விவாதம் வரை வந்துவிட்டது. "நின்னாத்தான் ரத்தம் ஓடும், சுறுசுறுப்பு வரும்" என்று எதிர்த்தார் அமைச்சர். முழங்கால் வலி என்று சபாநாயகரிடம் அனுமதி வாங்கி, உட்கார்ந்தபடியே பேசினார். மறுநாள் வாக்கெடுப்பு. அதுதான் சபையின் கடைசி நாள், பிறகு தேர்தல். அன்று நிறைவேறாத மசோதாவெல்லாம் செத்த மசோதா. மசோதாவைக் கொண்டுவந்த பெரியவர் சீக்காகிப் படுக்கையில் கிடந்தார். அவர் ஓட்டு இல்லாமலே தேறிவிடும் என்று மசோதாக்கா தலை எண்ணி முடித்திருந்தாள்.

காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பெரியவரின் மனைவி.

"போயிட்டாரும்மா."

மசோதாக்கா அழுவதற்குள் வாய் முந்திக்கொண்டது. "யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"உன்கிட்டதான் மொதல்ல."

பதவியிலிருக்கும் உறுப்பினர் இறந்தால், இரங்கல் சொல்லி அன்றைக்குச் சபையை ஒத்திவைப்பது மரபு. மசோதாக்காவுக்கு அது தெரியும். அந்த அம்மாளுக்கும் தெரியும்.

"அம்மா, நான் கேக்கறது பாவம். மத்தியானம் வரைக்கும்... யாருக்கும் சொல்லாம..."

"நாள் பூரா நின்னு சிரிச்சவ நான். ஒரு காலைப்பொழுது உக்காந்து அழாம இருக்கத் தெரியாதா? போ. ஓட்டு முடிஞ்சதும் சொல்லு, அப்புறம் அழுதுக்கறேன்."

பார்வையாளர் மாடத்தில் கைதட்டக்கூடாது, தூங்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, எழுந்து நிற்கவும் கூடாது. மசோதாக்கா பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். கேள்வி நேரத்தில் ஓர் உறுப்பினர் தெருநாய்களைப் பற்றிப் பேசினார். நாட்டிலுள்ள நாய்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பார் போலிருந்தது. ஒருவழியாகச் சபாநாயகர் மசோதாவின் பெயரை வாசித்தார்.

அப்போது அமைச்சர் எழுந்தார். கைக்குட்டை ஏற்கெனவே வெளியே வந்திருந்தது.

நடந்தது இதுதான். அப்பாவைப் பார்க்க வந்த பெரியவரின் மகன், விஷயம் தெரிந்ததும் "அழுதுட்டு வரேம்மா" என்று குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, கட்சித் தலைவருக்குப் போன் போட்டான்: "அப்பா போயிட்டாருங்க. தொகுதி எனக்குத்தானே?" அங்கிருந்து சேதி அமைச்சர் காதுக்கு ஓடியது.

"ஏழைப் பெண்களுக்கு இருக்கை கேட்ட அந்த மாமனிதர் நம்மை விட்டுப் பிரிந்துவிட்டார்" என்று அமைச்சர் விம்மினார். ஆடு நனைந்ததற்கு அழுத ஓநாய்கூட அவ்வளவு நன்றாக அழுதிருக்காது.

"ஓட்டெடுப்ப முடிச்சிட்டு அஞ்சலி செலுத்தலாமே, அதானே அவருக்கு மரியாதை?" என்றாள் ஒரு பெண் உறுப்பினர்.

"மனுஷன் செத்துக் கிடக்கான், உனக்கு நாற்காலி கேக்குதா?" என்று நாலு பக்கமிருந்தும் பாய்ந்தார்கள். அந்தச் சொல் மாடத்துக்கும் ஏறி, மசோதாக்காவின் நெஞ்சில் சரியான இடம் பார்த்துக் குத்தியது.

சபை எழுந்து நின்றது. முழங்கால் வலிக்கார அமைச்சரும் நின்றார். காவலர் அவள் தோளைத் தட்டினார். "எந்திரிம்மா. மரியாதை."

அவளும் நின்றாள். பெண்கள் உட்காரவேண்டும் என்று சொன்னவருக்காக எல்லாரும் நின்றார்கள், நின்று முடித்துக் கலைந்தார்கள், மசோதா செத்தது.

தங்கையிடம் நேரில் சொல்லவேண்டும் என்று கடைக்குப் போனாள். உள்ளே நுழைந்தவள் திகைத்துப் போனாள். சட்டைத்துணிப் பிரிவின் நடுவில் ஒரு நாற்காலி! சிவப்பு வெல்வெட், பொன்நிறக் கைப்பிடி. அதில் பெரியவரின் படம், சுற்றிப் பூ. பக்கத்தில் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

"ஃபேன் காத்துல படம் சாயுதாம்," என்றாள் தங்கை மெதுவாக. "புடிச்சுக்கிட்டே நிக்கச் சொல்லியிருக்காரு."

முதலாளி கைகூப்பியபடி வந்தார். "சிம்மாசனம் போடறேன்னு சொன்னேன்ல? சொன்ன சொல்லு தவறமாட்டேன்."

மசோதாக்கா படத்தைத் தூக்கினாள், தங்கையைத் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினாள், படத்தை அவள் மடியில் வைத்தாள். முதலாளி வாயைத் திறப்பதற்குள் ஒரு வாடிக்கையாளர் பார்த்துவிட்டார். "ஐயோ, மகளா? மாசமா வேற இருக்கா, பாவம்." கடையில் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி தண்ணீர் நீட்டினாள், இன்னொருத்தி விசிறினாள். அத்தனை பேர் முன்னால் முதலாளியால் என்ன செய்யமுடியும்? சிரித்தார். சிரித்தபடி வாசலைப் பார்த்தார். ஒவ்வொருவராய் வெளியேற, ஷட்டர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். தங்கையின் கண் செருகியது. எத்தனை நாள் தூக்கமோ!

கடைசியில் ஒரே ஒரு அம்மாள் மிஞ்சினாள். ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு கிளம்பப் போனாள். அவள் வாசலைத் தாண்டினால் தங்கை எழுந்தாகவேண்டும்.

மசோதாக்கா மேசைக்குப் பின்னால் போய், பழைய இடத்தில் நின்றாள். கால் நரம்புகள் விண்விண்ணென்று தெறித்தன. ஒரு துணிச்சுருளை இழுத்து உதறி விரித்தாள்.

"அம்மா, வீட்டுக்காரருக்குச் சட்டைத்துணி பாருங்களேன்."

"வேணாம்மா, நேரமாச்சு."

"பாக்கறதுக்குக் காசா கேக்கறோம்? இது பாருங்க. இது புடிக்கலையா, நீலம் இருக்கு. கோடு போட்டது இருக்கு..."

அலமாரி உயரத்துக்குக் குவிந்தது துணி. விரித்துக்கொண்டே இருந்தாள்.