இல்லைன்னு சொல்லப் பழகு

சூளகிரியில் ஏழு வீடுகள் கொண்ட லைனில் ஃபகருன்னிசா குடியிருக்கிறாள். ஏழு வீட்டுக்கும் ஒரே குழாய். மூன்று நாளைக்கு ஒருமுறை காலையில் தண்ணீர் வரும். வீட்டிலிருந்தே நைட்டி தைப்பவள் என்பதால் அவள் ஒரு தடவையும் தவறவிட்டதில்லை. நீல டிரம் எப்போதும் நிறைந்திருக்கும்.

பக்கத்து வீட்டு லாவண்யா சிவகங்கைக்காரி. கேபிள் கம்பெனியில் வேலை. தண்ணீர் வரும் நேரத்தில் அவள் கம்பெனி பஸ்ஸில் இருப்பாள். ஆரம்பத்தில் கேட்டபோதெல்லாம் ஃபகருன்னிசா கொடுத்தாள். போன மார்ச்சில் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. ஒரு சாயங்காலம் லாவண்யா குடத்தோடு வந்து நின்றாள்.

"ஒரு குடம் மட்டும்க்கா. சோறு வடிக்கக்கூட இல்ல."

"எனக்கே இல்லம்மா. டிரம் காலி."

"நிறைய இருக்கேம்மா!" என்றாள் ஆறு வயது மகள் அஸ்பியா.

ஃபகருன்னிசா சிரித்துக்கொண்டே மகளின் தோளைக் கிள்ளினாள். லாவண்யா காலிக் குடத்தோடு திரும்பிப் போனாள். ஃபகருன்னிசா கதவைச் சாத்திவிட்டு மகளிடம், "ஒரு தடவ குடுத்தா தினமும் வந்து நிப்பாங்க. இருந்தாலும் இல்லைன்னு சொல்லப் பழகு" என்றாள்.

பத்து நாள் கழித்துப் பள்ளியிலிருந்து போன் வந்தது. விளையாட்டு பீரியடில் அயான் என்கிற பையன் வெயிலில் மயங்கி விழுந்திருந்தான். விழுவதற்கு முன் அஸ்பியாவிடம் தண்ணீர் கேட்டிருக்கிறான். பாட்டில் காலி என்றிருக்கிறாள். ஃபகருன்னிசா பள்ளிக்குப் போனதும் டீச்சர் அந்தப் பாட்டிலை எடுத்துக் காட்டினார். கழுத்து வரை தண்ணீர். அயான் பெஞ்சில் சாய்ந்து குளுக்கோஸ் குடித்துக்கொண்டிருந்தான்.

"டிபனையே அடுத்த புள்ளைங்களுக்குக் குடுக்கிற புள்ள இது. என்ன ஆச்சு?" என்றார் டீச்சர்.

"அம்மாதான் சொன்னாங்க" என்றாள் அஸ்பியா.

"சின்னப் புள்ள, ஏதோ உளறுது டீச்சர்." ஃபகருன்னிசாவின் வாயில் அது தானாக வந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. நாலடி முன்னால் நடந்தாள். பிள்ளையையும் பொய்க்காரி ஆக்கிவிட்டோமே என்று ஃபகருன்னிசாவுக்கு உறைத்தது.

அன்றே ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு, அஸ்பியாவையும் கூட்டிக்கொண்டு லாவண்யாவின் கதவைத் தட்டினாள்.

"அன்னிக்கு டிரம்முல தண்ணி இருந்திச்சும்மா. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்க்கா" என்று குடத்தை வாங்கிக்கொண்டாள் லாவண்யா. உள்ளே வரச் சொல்லவில்லை.

இப்போது யார் எதைக் கேட்டாலும் அஸ்பியா கொடுக்கிறாள். ஆனால் கொடுப்பதற்கு முன் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள். முன்பு அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.