மச்சான் வரிசைக்கு வந்த ஆண்டு

பள்ளிவாசலின் கடைசி வரிசை ஓரத்தில் அவருக்காக ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள். அதில் அவர் முதன்முதலாக உட்கார்ந்து தொழுத காலை எனக்கு நினைவிருக்கிறது. என் மனைவிக்குக் காக்கா, அதாவது மூத்த சகோதரர்; எனக்கு மச்சான். கல்முனைச் சந்தையில் சாரன் துணிக்கடை வைத்திருந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் கடையிலேயே சரிந்து விழுந்தார். பாரிசவாதம் வலது கையையும் காலையும் பிடித்துக்கொண்டது. உயிர் தப்பி வீடு வந்தபின் அவர் ஆசைப்பட்டது ஒன்றுதான்: கதிரையை விட்டெழுந்து மற்றவர்களோடு தோளொட்டி நின்று தொழ வேண்டும்.

நான் அப்போது பாடசாலை அதிபர். அதிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பின் எங்களில் சிலர் கடற்கரையில் உடற்பயிற்சி செய்வோம். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் முன்னே நிற்பார். அவரை மாஸ்டர் என்போம். தென்னைகளைத் தாண்டினால் படையினரின் காவலரண் என்பதால் நடைக்கு வழியில்லை. நின்ற இடத்திலேயே கை தூக்குவோம், குந்தி எழும்புவோம். மச்சானை அங்கே கூட்டிப்போனவன் நான். அவர் வந்த அன்றே மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார்: மச்சானின் கை இறங்கும்வரை யாருடைய கையும் இறங்கக்கூடாது.

"சுறுக்கா இறக்குங்க காக்கா, எங்கட தோள் களருது" என்று எங்களோடு வரும் மீன் வியாபாரி ஒருவர் கத்துவார்.

"ரெண்டு கையும் சரியான உனக்கே இந்தப் பாடா? நில்லுடா" என்பார் மச்சான், கோணிய வாயால்.

முதலில் இருவர் அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். பிறகு ஒருவர் போதுமாயிற்று. பிறகு யாரும் தேவைப்படவில்லை. நோன்பு தொடங்கவிருந்த வாரத்து வெள்ளிக்கிழமை அவர் கதிரையைத் தாண்டி வந்து, சப்பில், தொழுகை வரிசையில், என் பக்கத்தில் நின்றார். அவருடைய தோள் என் தோளில் நடுங்கிக்கொண்டிருந்தது.

கிளினிக்குக்கு அவரோடு போனவனும் நான்தான். வைத்தியர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். இந்த வருடம் நோன்பு கூடாது, மூன்று வேளைக் குளிசையையும் விடக்கூடாது. எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

தலைநோன்புக்கு முந்திய காலை, கடற்கரையில் எல்லோரும் கேட்கத்தக்கதாக அவர் என்னைக் கேட்டார்: "மச்சான், நான் புடிக்கட்டா, விடட்டா?" பதில் அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று அத்தனை பேர் முன்னிலையில் நான் சொல்வதைத்தான் விரும்பியிருக்கிறார். படித்தவன் சொன்னால் அவருடைய கௌரவம் குறையாது.

"சப்புல நிண்டு தொழுத மனிசனுக்கு நோன்பு என்ன பாரமா?" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் கொண்டுவந்த மனிதர் தேறிவிட்டார் என்ற பெருமை எனக்கு. அவர் நோன்பு பிடித்தார். பகல் குளிசை நின்றுபோயிற்று. எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நோன்பு காலத்தில் பயிற்சியை மாலை அஸர் தொழுகைக்குப் பின் வைத்துக்கொண்டோம். பாதி நோன்பு கழிந்த ஒரு மாலை, மாஸ்டர் கை தூக்கச் சொன்னார். மச்சானின் வலது கை எழவில்லை. "காக்காவுக்கு நோன்பு வாட்டுது" என்றார் மீன் வியாபாரி. பதில் சொல்ல மச்சான் வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. மண்ணில் உட்கார்ந்தார், சாய்ந்தார். சட்டத்துக்குப் பழகிய எங்கள் கைகள் சற்று நேரம் மேலேயே நின்றன.

ஆஸ்பத்திரி விறாந்தையில் நோன்பு திறக்கும் நேரம் யாரோ ஒரு கோப்பை கஞ்சி தந்தார். குடித்தேன். இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தேன். எதுவும் உறைக்கவில்லை. விடியுமுன், ஸஹர் சாப்பாட்டு நேரம் வருமுன்பே அவர் மவுத்தாகிவிட்டார்.

ஜனாஸா அடக்கி வந்தபின் என் மனைவி கேட்டாள்: "டாக்குத்தர் நோன்பு புடிக்கலாமெண்டா செல்லியிருந்தார்?"

"ஓம்" என்றேன்.

இப்போது எனக்கும் நோன்பு கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ரமழான் பகலில் என் மனைவி அறைக் கதவைச் சாத்திவிட்டு, குளிசையும் தண்ணீருமாக வந்து நிற்கிறாள். "குடிங்க. இவர் நல்ல டாக்குத்தர், வேணாமெண்டு செல்லத் தெரிஞ்சிரிக்கி. காக்காட டாக்குத்தரத்தான் அல்லாஹ் மன்னிக்கணும்" என்கிறாள்.

நான் ஆமீன் சொல்லிவிட்டுக் குளிசையை விழுங்குகிறேன்.