ரேட் ஏறினால் மொட்டை

நம் நாட்டு ரூபாய் விழவேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. இதைச் சொன்னால் மாமா இன்றைக்கும் சிரிக்கிறார். நான் ஒன்றும் விளையாட்டுக்குச் செய்யவில்லை.

அப்பா சிங்கப்பூரில் ஷிப்யார்டில் வெல்டராக இருந்தார். சிதம்பரத்தில் கட்டிய வீட்டுக்கு வாங்கிய கடன் அடைந்ததும் ஊர் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. எப்ப வருவே என்று போனில் நான் கேட்கும்போதெல்லாம், "வெள்ளி ரேட் ஏறட்டும் பாப்பா, வந்துடுறேன்" என்பார். சிங்கப்பூர் டாலரை எங்கள் வீட்டில் வெள்ளி என்றுதான் சொல்வோம்.

தெற்கு வீதியில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடை ஒன்று இருந்தது. ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய் என்று அதன் வாசலில் சிவப்பு விளக்கில் எண்கள் எரியும். பள்ளிக்கூட வேன் அங்கே திரும்பும்போது ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்ப்பேன். மழை நாளில் அந்த எண்கள் கண்ணாடியில் வழிந்து, தெருத் தண்ணீரில் இறங்கி மிதக்கும். அப்பாவின் விமானத்தை அந்த எண்ணில் கட்டிவைத்திருப்பதாகவும், எண் ஏற ஏற விமானமும் மெதுவாக மேலே கிளம்புவதாகவும் எனக்குள் ஒரு கற்பனை. அதை நினைத்துக்கொண்டே தூங்கிவிடுவேன். கனவிலும் அதே சிவப்புதான்.

ஆனால் ரேட் ஏறுகிற வழியைக் காணோம். அதனால் ஒரு நாள், ரேட் ஏறினால் மொட்டை போடுகிறேன் என்று திருவந்திபுரம் பெருமாளுக்கு யாரிடமும் சொல்லாமல் வேண்டிக்கொண்டேன். எனக்கு இடுப்பு வரைக்கும் முடி. பெருமாளுக்கு அது கண்ணில் பட்டிருக்க வேண்டும், அந்த மழைக்காலம் முடிவதற்குள் ரேட் மளமளவென்று ஏறியது. ரூபாய் வீழ்ச்சி என்று டிவியில் செய்தி வாசித்தவர் இழவுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார். அம்மா கேசரி கிளறினாள். "ஊரே ரூபா விழுந்துடுச்சுன்னு அழுவுது, எங்க அக்கா வீட்ல மட்டும் கேசரி" என்றார் மாமா. தின்றுகொண்டே நான் வேண்டுதலைச் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் சடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாமி காரியம், இல்லையென்று சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மாமாவும் என்னைத் திருவந்திபுரம் கூட்டிப்போய் மொட்டை அடித்து, தலையில் சந்தனம் தடவினார்கள். வந்ததுதான் வந்தோம், கடலையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று மாமா தேவனாம்பட்டினத்துக்கு அழைத்துப்போனார். காற்று முதன்முதலாக என் தலையில் நேராகப் பட்டது. உடம்பே எடையில்லாமல் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம்தான் சிங்கப்பூர் என்று எனக்குத் தெரியும். அப்பா அலை மேல் நடந்தே வந்துவிடுவார் போலிருந்தது. மணலில் உட்கார்ந்து அம்மா வீடியோ கால் போட்டாள்.

என் தலையைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சிரிப்பு போய்விட்டது. "என்னடி இது?" என்று அம்மாவைத்தான் கேட்டார்.

"ரேட் ஏறிடுச்சுல்லப்பா, அதுக்குத்தான். எப்ப வர்ற?" என்றேன் நான்.

படம் ஆடி, அவர் தங்கியிருந்த அறையின் அடுக்குக் கட்டிலில் அவருக்கு மேல் தட்டின் அடிப்பலகை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு குரல் வந்தது. "ரேட் நல்லா இருக்கறப்ப வந்தா எப்படி பாப்பா? இப்ப அனுப்புனாத்தான் ஜாஸ்தியா வரும். இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டாள். அது அவளுக்கும் புதுச் செய்திதான்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. முடியும் போச்சு, அப்பாவும் வரவில்லை. எழுந்து நின்று கடலைப் பார்த்துக் கும்பிட்டேன். "பெருமாளே, ரேட் இறங்கிடணும். மறுபடியும் மொட்டை போடுறேன்" என்று சத்தமாகவே சொன்னேன்.

"அக்கா, மொதல்ல அவ வாயப் பொத்து" என்றார் மாமா.

அம்மா பொத்தவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்து, தலையில் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்த சந்தனத்தை விரலால் மெல்லத் தடவிக்கொண்டு, கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலைச் சத்தத்தில் நான் வேண்டிக்கொண்டது அவள் காதில் விழவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.