முப்பத்தேழு பேர் விழுந்த கோட்டை

முன்னால் நடந்து போகிறவர் யார் என்பது டாக்டர் நசுருதீனுக்கு முக்கியமில்லை, அவருடைய முதுகுதான் முக்கியம். செஞ்சிக் கடைத்தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பின்தொடர்வார். எந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தச் செருப்பு அதிகம் தேய்கிறது என்று பார்த்தபடியே பஸ் ஸ்டாண்டு வரை போய்விடுவார். வந்தது மளிகை வாங்க என்பது அங்கே போன பிறகுதான் நினைவுக்கு வரும். ஒருமுறை மேல்சித்தாமூர் வியாபாரி ஒருவர், எவனோ திருடன் பின்னால் வருகிறான் என்று பயந்து ஓட்டமெடுத்தார். “ஓடாதீங்க, ஓடாதீங்க! ஓடினா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது!” என்று டாக்டரும் பின்னாலேயே ஓடினார்.

தாலுகா ஆஸ்பத்திரிக்கு அவர் வந்து ஆறு வருஷமாகிறது. வயது நாற்பத்திரண்டு. அவர் அறையில் நாற்காலி ஒன்று உண்டு. அதில் அவர் உட்கார்ந்து பார்த்தவர் இல்லை, காகிதக் கட்டுகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. நாடி பார்ப்பது, மருந்து எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் நின்றபடி, இல்லாவிட்டால் நடந்தபடி. “நிக்காஹ் அன்னிக்கு உக்காந்தாரு, அதோட சரி” என்று அவர் மனைவி ரோஷன் பீ அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார். உண்மையில் அவரை உட்காரவிடாதது கோபம். பனைமரத்திலிருந்து விழுந்து வருகிறவர்களை நினைத்தால் அவருக்குக் கால் தரிக்காது.

செஞ்சியைச் சுற்றிப் பாறை இல்லாத இடமெல்லாம் பனைதான். தை பிறந்தால் ஆனி வரை ஆட்கள் ஏறுவார்கள், சிலர் விழுவார்கள். விழுந்தவனை நாலு பேர் ஓடிவந்து தூக்கி, வேட்டியில் தூளி கட்டி, கம்பில் கோத்துக் கொண்டுவருவார்கள். தூளிக்குள் ஆள் வளைந்து மடங்கிக் கிடப்பான். “விழுந்தப்ப கால ஒதறினான் டாக்டரு, வர்ற வழியிலதான் மரத்துப்போச்சு” என்று கூட வந்தவர்கள் சொல்ல அவர் பலமுறை கேட்டுவிட்டார். விழுந்ததில் உடைவது எலும்புதான், உள்ளே இருக்கும் நரம்பை நசுக்குவது தூளி என்பது அவர் கட்சி. பலகையில் நேராகப் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் பாதிப் பேருக்குக் கால் பிழைக்கும். அதை நிரூபிக்க ஊருக்கு ஒரு பலகை வேண்டும், எக்ஸ்ரே பிலிம் வேண்டும், ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுத ஓர் ஆள் வேண்டும். அதாவது, ஆராய்ச்சி மானியம் வேண்டும்.

மானியம் கொடுக்கும் குழு டெல்லியில் இருக்கிறது. அதைக் கேட்கிற டைப்ரைட்டர் தாலுகா ஆபீசுக்கு எதிரே அரங்கநாதனிடம் இருக்கிறது. டாக்டர் நடந்துகொண்டே சொல்ல, அரங்கநாதன் அடிப்பார். முதுகெலும்பில் தொடங்கும் வாக்கியம் இடுப்புக்கு வருவதற்குள் டாக்டர் தெருக்கோடிக்குப் போயிருப்பார். “சார், நின்னு சொல்லுங்க சார்! மீதியெல்லாம் காத்துல பூடுது!” என்று அரங்கநாதன் கத்துவார். இந்த வகையில் இரண்டு விண்ணப்பங்கள் போயின, இரண்டும் திரும்பி வந்தன.

குழுவின் மேல் தப்பில்லை. இது மதுவிலக்குக் காலம். பதநீர் இறக்க லைசென்சு வேண்டும். அது இல்லாமல் ஏறியவன் கள்ளுக்குத்தான் ஏறினான் என்று பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டைப் போலீஸ்காரர் தங்கராசு தினமும் காலை பத்து மணிக்கு வந்து புரட்டுகிறார். ஆகவே செஞ்சித் தாலுகாவில் யாரும் மரத்திலிருந்து விழுவதில்லை. எல்லோரும் கோட்டையிலிருந்துதான் விழுகிறார்கள். “கோட்ட பாக்கப் போனேன், படியில வழுக்கிடுச்சு” என்று மண்டகப்பட்டுக்காரனும் சொல்வான், தளவானூர்க்காரனும் சொல்வான். பிறந்ததிலிருந்து அந்த மலையைத் திரும்பிக்கூடப் பார்க்காதவன், இடுப்பில் பாளை சீவும் கத்தியோடு விடியற்காலையில் வேடிக்கை பார்க்கப் போனானாம். பதிவேட்டில் இப்படி முப்பத்தேழு பேர்.

கோட்டைப் படிகளுக்குக் கைப்பிடி போட்டால் போதுமே, ஆராய்ச்சி எதற்கு என்று முதல் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. இரண்டாவதற்கு வந்த பதில் இன்னும் கூர்மை. கோட்டைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரு மைல்தானே, விழுந்தவர் வந்துசேர ஐந்து மணி நேரம் எப்படி ஆயிற்று? டாக்டர் அதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். கேள்வி நியாயமாக இருந்ததுதான் அவருக்கு எரிச்சல்.

பலகையின் கதை வேறு. சந்தை நாளில் கம்பவுண்டர் பாக்கியசாமியை ஒரு பலகையில் மல்லாத்தி, நெற்றியையும் இடுப்பையும் துணியால் கட்டி, டாக்டர் செய்து காட்டுவார். “பலகை இல்லன்னா ஊட்டுக் கதவக் கழட்டுங்க! கதவ அப்பறம் மாட்டிக்கலாம், முதுக மாட்ட முடியாது!” கூட்டம் சிரிக்கும், கதவைக் கழற்ற மட்டும் யாருக்கும் மனம் வராது. நேராக நீட்டிப் படுக்கவைத்துத் தூக்கிப்போவது செத்தவனைத்தான். உயிரோடு இருப்பவனைப் பாடையில் வைத்ததுபோல் வைத்தால் உயிர் எப்படித் தங்கும்? பாக்கியசாமியின் மனைவி ஞானம்கூட, “வாராவாரம் எம் புருசன சவமாட்டம் கெடத்துறாங்க சாமி” என்று பங்குச் சாமியாரிடம் போய் அழுதாள்.

இந்த வருஷம், அறுபத்து நாலில், குழு கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தது. பலகையில் கொண்டுவரப்பட்டுக் கால் பிழைத்தவர் ஒருவராவது உண்டா? உண்டென்றால் எங்கே விழுந்தார், எத்தனை மைல் வந்தார், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை விபத்துப் பதிவேட்டின் நகலோடு ஏப்ரல் முப்பதுக்குள் அனுப்பவும். அதற்குமேல் விண்ணப்பிக்க வேண்டாம். ஏப்ரல் இருபது வரை அப்படி ஒருவரும் இல்லை. டாக்டர் ஆஸ்பத்திரி வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்து செருப்பைத் தேய்த்தார். யாராவது விழமாட்டானா என்று மனசு போன போக்கைப் பார்த்து, “தூ, நீயெல்லாம் ஒரு டாக்டரா” என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்குத் தளவானூரிலிருந்து ஒரு கட்டைவண்டி வந்தது. வைக்கோல்மேல் ஒரு கதவு, கதவின்மேல் முருகையன். நெற்றியும் இடுப்பும் கிழிந்த புடவையால் கதவோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. பக்கத்திலேயே நடந்து வந்த அவன் மனைவி செல்லம்மாளின் கால்களில் முழங்கால் வரை புழுதி. “பொணத்தாட்டம் கொண்டு போறியேன்னு ஊரே ஏசிச்சு டாக்டரய்யா. நீங்க சந்தையில சொன்னீங்களே, அதான் கழட்டிட்டேன். ஊடு தொறந்தே கெடக்குது” என்றாள்.

டாக்டர் முருகையனின் கால் பெருவிரலைக் கிள்ளினார். “வலிக்குதா?”

“வலிக்குது.”

“அசை.”

விரல் அசைந்தது. கொஞ்சம்தான், ஆனால் அசைந்தது. ஆறு வருஷம் டாக்டர் காத்திருந்த கால் விரல் அது. பாக்கியசாமியிடம் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னவர், பேனாவைத் திறந்துகொண்டு, “எங்கருந்து விழுந்த? எத்தினி மணிக்கு?” என்றார்.

முருகையன் மனைவியைப் பார்த்தான். செல்லம்மாள் டாக்டரின் அருகில் வந்தாள். “கோட்டன்னு சொல்லத்தான் வந்தோம். ஒங்களாண்ட பொய் சொல்ல வாய் வரல. மரத்துலருந்துதான். ஆறு மணி இருக்கும். லைசென்சு இல்ல. நெசத்தயே எழுதிக்கங்க. மிஞ்சினா ஆறு மாசம் போடுவாங்க, இருந்துட்டு வரட்டும். காலு இருக்குதில்ல?”

தளவானூர், பனைமரம், பத்து மைல், நாலு மணி நேரம், வீட்டுக் கதவு, கால் பிழைத்தது. ஒரே வரி. குழு கேட்டதெல்லாம் அதில் இருந்தது, அதை எழுதச் சம்மதமும் கிடைத்துவிட்டது. டாக்டர் பதிவேட்டைக் கையில் ஏந்தியபடி ஜன்னல் வரை போனார், வந்தார், மறுபடி போனார். எழுதினால் ஜீப் வரும். ஜீப்பில் உட்காரவைத்துத்தான் கூட்டிப்போவார்கள். இந்த முதுகு இன்றைக்கு உட்கார்ந்தால் அந்த விரல் மறுபடி அசையாது.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. டாக்டர் விரைந்து வந்து போர்வையை முருகையனின் கழுத்து வரை இழுத்துவிட்டார். மரம் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போயிருந்த மார்பு மறைந்தது.

“இன்னா டாக்டர், புதுசா?” என்று தங்கராசு உள்ளே வந்தார். கதவைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். “எங்கருந்து விழுந்தானாம்?”

“கோட்டையிலருந்து” என்றார் டாக்டர். சொன்னதோடு நிற்காமல் பதிவேட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டு நீட்டினார். முப்பத்தெட்டாவது ஆள், தூரம் ஒரு மைல்.

தங்கராசு அதை இரண்டு தடவை படித்தார். “அந்தக் கோட்டைய மூடச் சொல்லணும் டாக்டர்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

செல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாக்கியசாமி காலண்டரைப் பார்த்தான். ஏப்ரல் முப்பதுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

டாக்டர் தன் அறைக்குப் போனார். நாற்காலிமேல் இருந்த விண்ணப்பக் கட்டுகளை அள்ளித் தரையில் வைத்தார். நாற்காலியை வராந்தா வழியாக இழுத்துவந்து, முருகையனின் கால்மாட்டில் போட்டு, அதில் உட்கார்ந்தார். பெருவிரலை இரண்டு விரல்களுக்கு நடுவே மெல்லப் பிடித்துக்கொண்டார்.

“அசை. ம். இன்னொரு வாட்டி.”