வாளியில் ஊறிய வெள்ளை பேன்ட்

அக்காவின் கிரிக்கெட்டுக்கு முதன்முதலில் உலை வைக்கப் பார்த்தவள் நான்தான். இன்று அவள் மாநில அணிக்கும் லீக் அணிக்கும் பந்து வீசுகிறாள். ஆட்டம் டிவியில் வரும் நாளில் வாஷியில் இருக்கும் என் ஆபீஸில் எல்லோரும் வந்து, வீட்டில் அவளை ரொம்ப என்கரேஜ் பண்ணினார்களா என்று கேட்கிறார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டி வைக்கிறேன். வேறென்ன சொல்ல.

அப்போது அக்காவுக்குப் பதின்மூன்று, எனக்கு ஒன்பது. தாராவியில் ஒற்றை அறை, மேலே ஏணி வைத்து ஏறும் பரண், மூலையில் குளிக்கவும் துவைக்கவும் ஒரு மோரி. அப்பாவுக்குத் தோல் பை செய்யும் பட்டறையில் வேலை. வெட்டிய தோலின் ஓரங்களுக்குச் சாயம் பூசிப் பூசி, அவர் நகங்கள் ஞாயிற்றுக்கிழமைகூடச் செம்பழுப்பாகவே இருக்கும். அக்கா பள்ளிக்கூடத்தில் பந்து வீசுவதைப் பார்த்த ஒரு மராட்டி சார், மாட்டுங்கா மைதானத்தில் தான் நடத்தும் பயிற்சிக்கு அவளைக் கேட்டார். அப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பெரிய மனுஷி ஆவுற வரைக்கும் ஆடட்டும். அதுக்கப்புறம் கெடையாது." இதை அவர் தன் மூத்த அக்காளான எங்கள் அத்தையின் முன்னால் சொன்னார். அத்தை முன்னால் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அது சட்டம்.

அந்தச் சனிக்கிழமை அத்தை பாண்டுப்பிலிருந்து வந்திருந்தாள். மறுநாள் காலையில் சிறுமியர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அக்கா ஒரு மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்தாள். அன்று பயிற்சி முடிந்து வந்தவள், யாரிடமும் பேசாமல் உடை மாற்றிக்கொண்டு பரணில் ஏறிப் படுத்துவிட்டாள். நான் கை கழுவ மோரிக்குப் போனேன். வாளியில் அவளுடைய வெள்ளை பேன்ட் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் சிவந்திருந்தது.

எனக்கு ஒரே குஷி. போன மாதம்தான் பக்கத்துச் சந்தில் ஒரு சடங்கு நடந்திருந்தது. மைக் செட், கேசரி, வயசுக்கு வந்தவளின் தங்கச்சிக்கும் ரோஸ் நிறத்தில் பட்டுப்பாவாடை. அந்தப் பாவாடையை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓடிப்போய் விஷயத்தை அத்தை காதில் ஓதினேன். ஓதினேன் என்றால், சந்தே கேட்கிற மாதிரி.

அத்தை வந்து பேன்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். அதற்குள் அடுப்பை விட்டு அம்மா ஓடி வந்துவிட்டாள்.

"அது பந்துச் சாயம் மதினி," என்றாள். "தோல் பந்துல்லா, பேன்ட்ல தேச்சுத் தேச்சுதான் போடுதா."

"பந்து பின்பக்கம் எதுக்கு வருது?" என்று கேட்டாள் அத்தை.

 அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அக்கா மைதானத்தில் பந்தைப் பேன்ட்டில் தேய்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். முன்னாலா பின்னாலா என்று கவனித்ததில்லை. சே, நான்தான் அவசரக்குடுக்கை என்று வெட்கமாகிவிட்டது. "ஆமா அத்தை, தேய்ப்பா, நான் பாத்திருக்கேன்," என்று சாட்சி சொன்னேன்.

அத்தை நம்பவில்லை. தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டும், இன்றைக்கே உட்கார வைக்க வேண்டும், பதினாறு நாள் கழித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று போனைக் கையில் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அப்பா பட்டறையிலிருந்து வந்தார்.

"நல்ல நேரத்துல வந்தே. நீ தோல்காரன். நீயே பாத்துச் சொல்லு," என்றாள் அத்தை.

அப்பா மோரி ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். பேன்ட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கறையை நகத்தால் சுரண்டினார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"சாயந்தான் எக்கா," என்றார். "மட்டமான சாயம். லேசுல போவாது."

தோல் விஷயத்தில் அப்பா சொல்லுக்கு மேல் அத்தைக்கும் சொல் கிடையாது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அம்மா ஈரப் பேன்ட்டை இஸ்திரி போட்டே காயவைத்து, அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். மத்தியானம் திரும்பியதும், பெயர் வந்துவிட்டது என்றார்கள். செலக்ட் ஆனவள் ஏன் இப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து அம்மா தானாகவே எல்லோருக்கும் போன் போட்டு, அக்கா பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்றாள். ஹால் பிடித்துச் சடங்கு நடந்தது. எனக்குப் பாவாடையும் வந்தது. இனி ஆட்டம் கிடையாதுதானே என்று அத்தை கேட்டதற்கு, "டீம்ல பேரு போட்டுட்டாங்க எக்கா, இப்ப நிறுத்துனா நமக்குத்தான் அசிங்கம்," என்றார் அப்பா.

அந்தச் சனிக்கிழமையே அக்கா வயசுக்கு வந்துவிட்டாள் என்பதை, நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, "ஒங்க அப்பாட்ட சொல்லிராத. அவுகளுக்கு இன்னமும் தெரியாது," என்றாள். அப்பாவை நன்றாக ஏமாற்றியிருக்கிறாள் என்று நானும் பல நாள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அக்கா ஊரிலிருக்கும் நாட்களில் அவள் துணியை நான்தான் துவைக்கிறேன். பந்துச் சாயம் தொடைப்பக்கம் தீற்றலாக அப்பிக் கிடக்கும். வெறும் தண்ணீரில் எத்தனை நேரம் ஊறினாலும் கரையாது; அன்று வாளித் தண்ணீரே சிவந்திருந்தது. இருபது வருஷம் சாயத்தில் கை வைத்த மனிதருக்கு இது தெரியாதா என்ன? தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். தன் அக்காள் முன்னால் சொன்ன சொல்லை மாற்ற அவருக்கு வாய் வரவில்லை. அதே அக்காள் முன்னால் பொய் சொல்ல வந்திருக்கிறது. அம்மாவிடம்கூட இன்றுவரை மூச்சு விடவில்லை.

அன்று அவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தபடி பரணைப் பார்த்து, "நாளைக்கு எத்தன மணிக்குப் போவணும்?" என்று கேட்டார். அக்காவின் ஆட்டத்தைப் பற்றி அவர் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் வெறுமனே மணி கேட்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.